ஒரு வீடு நாட்டின் சொத்தாக முடியுமா? அமெரிக்கத் தேசியப் பூங்காத் தகுதிக்கு வரலாற்று வீட்டை மதிப்பிடும் முறை

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் 430-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அவற்றில் 63 இடங்களுக்கு மட்டும்தான் ‘தேசியப் பூங்கா’ என்ற பெயர். மற்றவை தேசிய வரலாற்றுத் தலம், தேசிய வரலாற்றுப் பூங்கா, தேசிய நினைவுச்சின்னம் என்று வெவ்வேறு பெயர்களில் இயங்குகின்றன. அவற்றுள் பல, வெறும் வீடுகள். ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபிரகாம் லிங்கன் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு, அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து நாடறிந்த பேச்சாளரான ஃபிரெடெரிக் டக்ளஸின் வாஷிங்டன் வீடு, ரிச்மண்டில் வங்கி தொடங்கி நடத்திய கறுப்பினப் பெண்மணி மேகி வாக்கரின் வீடு ஆகியவை அப்படிப்பட்டவை. யெல்லோஸ்டோனின் காடுகளைக் காக்கும் அதே துறைதான் இந்த வீடுகளின் சமையலறையையும் மாடிப்படியையும் காக்கிறது.

நீங்கள் வாழும் அமெரிக்க ஊரில் அப்படி ஒரு வீடு இருக்கிறது, அதையும் இந்த வரிசையில் சேர்க்க முடியுமா என்று உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் பேச்சு எழுகிறது என்றால், எங்கிருந்து தொடங்குவது? சட்டம் நான்கு கேள்விகளை வைக்கிறது. வீட்டுக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டா? ஏற்கெனவே காக்கப்படும் தலங்கள் சொல்லாத எதையாவது இந்த வீடு சொல்கிறதா? அரசு இதை ஏற்று நடத்துவது நடைமுறையில் சாத்தியமா? பூங்காத் துறையே நேரடியாக நிர்வகிக்க வேண்டிய தேவை இருக்கிறதா? நான்குக்கும் ‘ஆம்’ என்ற பதில் வரவேண்டும். ஒன்று சறுக்கினாலும் பரிந்துரை கிடைக்காது. ஆர்வலர்கள் முதல் கேள்வியிலேயே உழைப்பையெல்லாம் கொட்டிவிடுவது வழக்கம். அங்கே வாழ்ந்தவரின் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்தப் பெருமை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் மற்ற மூன்று கேள்விகளுக்கு அது பதிலாகாது. மதிப்பிட வேண்டியது மனிதரை அல்ல, வீட்டை.

விளக்கத்துக்கு ஒரு வீட்டைத் துணைக்கு வைத்துக்கொள்வோம். மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் இருக்கும் மெட்கர் எவர்ஸ் – மிர்லி எவர்ஸ் இல்லம். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மிசிசிப்பி களச் செயலாளராக 1954 முதல் பணியாற்றியவர் மெட்கர் எவர்ஸ். மிர்லி அவருடைய மனைவி. 1963 ஜூன் 12 அன்று, நள்ளிரவு கடந்த நேரத்தில், இந்த வீட்டு வாசலில்தான் அவர் சுடப்பட்டார். 2020 டிசம்பரில் இது தேசிய நினைவுச்சின்னமாக நிறுவப்பட்டது.

முதல் படி: எந்த வழியில் போகப் போகிறீர்கள்?

தேசியப் பூங்காத் துறை தானாக ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ள முடியாது. வழிகள் மூன்று.

முதலாவது நாடாளுமன்றமான காங்கிரஸ் வழி. காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் ‘சிறப்பு வள ஆய்வு’ நடத்தும்படி உள்துறை அமைச்சருக்கு ஆணையிடும். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையை வகுத்தது. ஆய்வுக்கான நிதி கிடைத்த பிறகு மூன்று முழு நிதியாண்டுகளுக்குள் அறிக்கை காங்கிரஸுக்குப் போக வேண்டும். அறிக்கை சாதகமாக இருந்தாலும் வீடு பூங்காவாகிவிடாது. அதற்குத் தனியாக இன்னொரு சட்டம் வேண்டும்.

இரண்டாவது குடியரசுத் தலைவர் வழி. 1906-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிலத்தை அவர் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கலாம். தனியார் வீடு என்றால் உரிமையாளர் முதலில் அதை அரசுக்குக் கொடையாகத் தரவேண்டும். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணியும், 1933 முதல் 1945 வரை தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவருமான ஃபிரான்சிஸ் பெர்கின்ஸின் மெய்ன் மாநிலக் குடும்ப வீடு 2024 டிசம்பரில் இப்படித்தான் அறிவிக்கப்பட்டது. வாஷிங்டனில் பெண்களின் சம உரிமைக்காகப் போராடிய தேசியப் பெண்கள் கட்சியின் தலைமையகமாக இருந்த வீடு 2016-இல் இதே வழியில் வந்தது. வேகமான வழி என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். அறிவிப்பு ஒரு நாளில் வந்துவிடும்தான். ஆனால் பத்திரம், கொடை, பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் அதற்கு முன்பே பல ஆண்டு உழைப்பில் தயாராகியிருக்க வேண்டும்.

மூன்றாவது, அருகில் ஏற்கெனவே ஒரு பூங்கா இருந்தால் அதன் எல்லையை விரித்து வீட்டை உள்ளே கொண்டுவருவது. இதற்கும் பொதுவாகச் சட்டம் தேவைப்படும். ஆனால் அலுவலகமும் பணியாளர்களும் முன்பே இருப்பதால் செலவுக் கணக்கு இலகுவாகும். ஐம்பது மைல் சுற்றளவுக்குள் எந்தப் பூங்கா இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

காங்கிரஸின் ஆணைக்குக் காத்திராமல் செய்யக்கூடிய சிறிய வேலையும் ஒன்று உண்டு. 25,000 டாலருக்கு உட்பட்ட செலவில் பூங்காத் துறை முன்னோட்ட ஆய்வு நடத்தலாம். உங்கள் தொகுதி உறுப்பினரோ செனட்டரோ கடிதம் எழுதிக் கேட்டால் நடக்க வாய்ப்பு அதிகம். முழு ஆய்வு பயன்தருமா என்பது இதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். நான் யோசனை சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

இரண்டாம் படி: கடைசிக் கேள்வியை முதலில் கேளுங்கள்

ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் மாளிகை தேசியப் பூங்கா அல்ல. தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோவும் அல்ல. நாட்டின் முதல் தலைவர், விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர் ஆகிய இருவரின் வீடுகளுக்கே இந்த நிலை என்றால், முக்கியத்துவம் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பது விளங்கும். மவுண்ட் வெர்னானை 1858-இல் ஒரு பெண்கள் சங்கம் விலைபேசி வாங்கியது. இன்றுவரை அவர்களே நடத்துகிறார்கள். மான்டிசெல்லோ 1923-இல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. இரண்டும் நன்றாக நடப்பதால் அரசு தலையிட வேண்டிய அவசியமில்லை.

ஆகவே உங்கள் வீட்டைப் பற்றி நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவர்களால் இன்னும் முப்பது ஆண்டு பார்த்துக்கொள்ள முடியுமா? மாநில அரசு, மாநகராட்சி, பல்கலைக்கழகம், அறக்கட்டளை ஆகியவற்றில் யாராவது பூங்காத் துறைக்கு இணையாகவோ அதைவிட மேலாகவோ காக்க முடியுமா? முடியும் என்பதே பதில் என்றால், ‘நேரடி நிர்வாகத்தின் தேவை’ என்ற அளவுகோலில் வீடு நிற்காது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வீடு பத்திரமாக இருக்கிறது என்பதுதானே நமக்கு முதலில் வேண்டிய செய்தி.

எவர்ஸ் குடும்பத்தார் தங்கள் வீட்டை 1993-இல் டூகலூ கல்லூரிக்குக் கொடுத்தார்கள். வரலாற்றில் கறுப்பின மாணவர்களுக்காக இயங்கிவந்த சிறிய கல்லூரி அது. பல்லாண்டுகள் அருங்காட்சியகமாக வைத்துக் காத்தது. கல்லூரி செய்தது பெரும்பணி. ஆனால் கற்பிப்பதுதான் கல்லூரியின் முதல் கடமை. நாடே வந்து பார்க்க வேண்டிய ஒரு வீட்டை அது காலத்துக்கும் தனியாகச் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. இந்தக் கேள்வியை எழுதும்போது இப்போதைய பராமரிப்பாளரைக் குறைகூறி எழுதாதீர்கள். அவர்கள் செய்ததைச் சொல்லி, அவர்களால் இயலாததை வரவு செலவுக் கணக்கோடு சொல்லுங்கள்.

மூன்றாம் படி: தேசிய முக்கியத்துவம்

இங்கே எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. வீடு வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தால் தேசிய முக்கியத்துவம் நிரூபணமாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்தப் பதிவேட்டில் 95,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பெரும்பாலானவை உள்ளூர் அளவிலோ மாநில அளவிலோ முக்கியமானவை. தேசிய அளவில் முக்கியமானவை என்று உள்துறை அமைச்சர் அறிவிக்கும் ‘தேசிய வரலாற்று அடையாளச் சின்னங்கள்’ சுமார் 2,600 மட்டுமே. உங்கள் வீடு இந்த இரண்டாவது பட்டியலில் இருந்தால் முதல் கேள்வி கிட்டத்தட்ட முடிந்தது. இல்லையென்றால், அதே அளவுகோலைக் கொண்டு சிறப்பு வள ஆய்வுக் குழு புதிதாக மதிப்பிடும். எவர்ஸ் இல்லத்துக்கு அந்தத் தகுதி 2017 தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

தனிமனிதர் ஒருவரோடு தொடர்புடைய வீடு என்றால் கேட்கப்படுவது இதுதான்: அவர் நாட்டளவில் எதற்காக அறியப்படுகிறாரோ அந்தப் பணியைச் செய்த காலத்தில் இந்த வீட்டில் வாழ்ந்தாரா? பிறந்த வீடு என்பது பலவீனமான வாதம். பிறந்த வீடுகளையும் கல்லறைகளையும் சாதாரணமாக ஏற்பதில்லை. அவருடைய உழைப்பு நடந்த வேறு கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை என்று காட்டினால் விதிவிலக்கு உண்டு. நிகழ்ந்து ஐம்பது ஆண்டு ஆகாத வரலாற்றுக்கும் இதேபோல் தடை உண்டு. அசாதாரண முக்கியத்துவம் இருந்தால் மட்டும் விலகும்.

இதற்கான வாதத்தை ஒரே பத்தியில் எழுதிப் பாருங்கள். எவர்ஸ் வீட்டுக்கு எழுதினால் இப்படி வரும்: 1963 ஜூன் 11 மாலை குடியரசுத் தலைவர் கென்னடி சிவில் உரிமைகள் பற்றித் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். அன்றிரவு கூட்டத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய எவர்ஸ், சில மணி நேரத்துக்குள் தன் வீட்டு வாசலில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது. கொலையாளி 1994-இல்தான் தண்டிக்கப்பட்டார். உள்ளூர்ச் சம்பவமும் நாட்டின் வரலாறும் ஒன்றாகச் சந்திக்கும் புள்ளி வீட்டின் முகவரியிலேயே இருக்கிறது. உங்கள் பத்தியில் அந்தச் சந்திப்பு வரவில்லை என்றால், எவ்வளவு பக்கம் சேர்த்தாலும் வராது.

நான்காம் படி: வீட்டைப் படித்தல்

இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அதிக நாள் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதியும் இதுவே. வீட்டின் அசல் தன்மையை ஏழு கோணங்களில் பார்க்கிறார்கள்: இடம், வடிவமைப்பு, சுற்றுச்சூழல், கட்டுமானப் பொருள், வேலைத்திறன், உணர்வு, வரலாற்றோடு உள்ள தொடர்பு. தேசிய அடையாளச் சின்னம் ஆக வேண்டுமென்றால் இவற்றில் உயர்ந்த அளவு தேறியிருக்க வேண்டும்.

இடம் பற்றி முதலில். ரைட் சகோதரர்களின் டேட்டன் வீட்டையும் சைக்கிள் கடையையும் ஹென்றி ஃபோர்டு 1930-களில் பெயர்த்து மிச்சிகனுக்குக் கொண்டுபோனார். சிவில் உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் தங்கியிருந்த டெட்ராய்ட் வீடு இடிபடும் நிலையிலிருந்து காப்பாற்றப்பட்டு, 2016-இல் பிரித்தெடுக்கப்பட்டு, பெர்லினில் மறுபடியும் எழுப்பப்பட்டது. காப்பாற்றியவர்களின் நோக்கம் நல்லதே. ஆனால் பெயர்த்த வீடு அது நின்ற தெருவை இழந்துவிடுகிறது. விதிவிலக்காக, நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் நியூயார்க் வீடு 1889-இலும் 2008-இலும் இருமுறை நகர்த்தப்பட்டும் தேசிய நினைவகமாக இருக்கிறது. அவர் தனக்கென்று கட்டிக்கொண்ட ஒரே வீடு அது. இரண்டு நகர்வுகளும் பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிட்டன.

நம்பிக்கையை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லிங்கன் பிறந்த குடிசை என்று கென்டக்கியில் பளிங்கு மண்டபத்துக்குள் வைத்துப் போற்றப்பட்ட மரக்குடிசையின் மரங்கள், அவர் 1809-இல் பிறந்ததற்கு வெகுகாலம் பிறகு வெட்டப்பட்டவை என்று மரவளையச் சோதனை காட்டியது. இப்போது அதை ‘அடையாளக் குடிசை’ என்றே பூங்காத் துறை அழைக்கிறது. வாஷிங்டன் பிறந்த இடத்தில் 1931-இல் எழுப்பிய நினைவு இல்லமும் அசல் வீட்டின் அஸ்திவாரத்தின் மேல் அமையவில்லை என்று அகழாய்வில் தெரியவந்தது. ஊர் சொல்வதை மதித்துக் கேளுங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள்.

சோதிக்கும் வேலையில் காகிதத்தை முதலில் பாருங்கள். மாவட்டப் பதிவு அலுவலகத்தில் கிரயப் பத்திரங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், நகர முகவரிப் புத்தகங்கள், உயில்களோடு சேர்த்த உடைமைப் பட்டியல்கள், தீக்காப்பீட்டுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். சான்பார்ன் வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டின் வெளிவடிவமும் இருக்கும். செங்கல்லா மரமா என்பது நிறத்திலேயே தெரியும். 1908 வரைபடத்தில் இல்லாத பின்தாழ்வாரம் 1925-இல் இருந்தால் எப்போது சேர்த்தார்கள் என்பது பிடிபட்டுவிடும். 1933-இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டட அளவாய்வுத் திட்டம் உங்கள் வீட்டை எப்போதாவது வரைந்திருக்கிறதா என்று காங்கிரஸ் நூலகத்தில் தேடுங்கள். கிடைத்தால் பெரும் புதையல்.

பிறகு வீட்டுக்குப் போங்கள். வரவேற்பறையிலிருந்து தொடங்க வேண்டாம். அங்கேதான் ஒவ்வொரு தலைமுறையும் கைவைத்திருக்கும். நேராக நிலவறைக்கு இறங்குங்கள். பிறகு கூரைக்கடியில் உள்ள பரணுக்கு ஏறுங்கள். அங்கே யாரும் அழகுபடுத்தியிருக்க மாட்டார்கள். டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து உத்திரத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். இழைப்பாளியின் கோடரித் தழும்புகள் தெரிகின்றனவா? நேர்க்கோடாக ரம்பம் ஓடிய தடமா, வில்போல் வளைந்த தடமா? வளைந்த தடம் வட்ட ரம்பத்தினுடையது. அது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவலானது. ஆணிகளைப் பாருங்கள். கொல்லன் ஒவ்வொன்றாக அடித்த ஆணியின் நான்கு பக்கமும் சரியும், தலையில் சுத்தியல் முகங்கள் இருக்கும். இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிய ஆணி 19-ஆம் நூற்றாண்டுக்குரியது. உருண்டையான கம்பி ஆணி 1890-களிலிருந்து எங்கும் நிறைந்துவிட்டது. 1820-இல் கட்டியதாகச் சொல்லும் கைமரத்தில் ஆதியிலிருந்தே கம்பி ஆணிதான் இருக்கிறது என்றால், கூரை மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒற்றை ஆணியை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பழைய மரத்தை எடுத்துப் புதிய இடத்தில் பொருத்துவது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது.

கதவு நிலையின் ஓரத்தில் கடுகளவு வண்ணப்பூச்சை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்கடுக்காகத் தெரியும். அடுக்குகளுக்கு இடையே புகைக்கரி படிந்த கறுப்புக்கோடு இருந்தால் அந்தப் பூச்சு நீண்டகாலம் வெளியில் இருந்தது என்று அறியலாம். இதை வல்லுநரிடம் விடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, அதுவரை யாரும் சுரண்டிப் புதுப்பூச்சு அடிக்காமல் தடுப்பது மட்டும்தான்.

எவர்ஸ் வீட்டுக்கு இந்த ஆணிக்கணக்கு பொருந்தாது. அது 1950-களின் நடுவில் எழுந்த தாழ்வான, ஒற்றைத் தளப் புறநகர் வீடு. கட்டடக்கலை நோக்கில் பார்த்தால் எங்கும் காணும் சாதாரண வீடு. ஆனால் அருகே போய்ப் பாருங்கள். தெருவை நோக்கி வாசற்கதவு இல்லை. கார் நிறுத்தும் கொட்டகையின் பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும். வண்டியிலிருந்து இறங்குபவர் தெருவின் பார்வையில் படாமல் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பிள்ளைகளின் அறையில் ஜன்னல்கள் உயரத்தில் இருக்கின்றன. மெத்தைகளோ தரையில். வெளியிலிருந்து சுட்டால் குண்டு தலைக்கு மேலே போகட்டும் என்று பெற்றோர் போட்ட கணக்கு அது. அன்றிரவு தெருவுக்கு எதிர்ப்புறப் புதரிலிருந்து வந்த குண்டு, எவர்ஸின் உடலைத் துளைத்து, ஜன்னலையும் உட்சுவரையும் கடந்து சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் மோதியது. ஒரு குடும்பம் எப்படிப்பட்ட அச்சத்தோடு அன்றாடம் வாழ்ந்தது என்பதை அந்த வீட்டின் வரைபடமே சொல்கிறது. அலங்காரம் இல்லாத வீடு தகுதியற்றது என்று எண்ணுபவர்களுக்கு நான் இந்த வீட்டைத்தான் காட்டுவேன்.

சுற்றுப்புறத்தையும் விட்டுவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிசிசிப்பியில் கறுப்பின நடுத்தர வர்க்கத்துக்காகத் திட்டமிட்டு அமைத்த முதல் குடியிருப்பு இது. எழுத்தாளர் மார்கரெட் வாக்கர் அலெக்சாண்டரும் இதே தெருவில் வாழ்ந்தார். இன்று தெருவுக்கு அவர் பெயர். அண்டை வீடுகள் நின்றால்தான் இந்த வீட்டின் பொருளும் நிற்கும்.

வீட்டுக்குள் உள்ள பொருள்களைத் தனியாகக் கணக்கெடுங்கள். டக்ளஸ் 1895-இல் இறந்த பிறகு அவருடைய மனைவி ஹெலன் வீட்டையும் பொருள்களையும் சிதறவிடாமல் காக்க ஒரு நினைவுச் சங்கத்தையே அமைத்தார். பின்னர் கறுப்பினப் பெண்கள் சங்கங்கள் தோள்கொடுத்தன. 1962-இல் பூங்காத் துறையிடம் வந்தபோது வீட்டோடு அவருடைய வாழ்வும் சேர்ந்தே வந்தது. வட கரோலினாவில் கவிஞர் கார்ல் சாண்ட்பர்கின் வீடு 10,000-க்கும் மேற்பட்ட நூல்களோடு வந்தது. நாற்காலி அந்தக் காலத்தையதா, அவருடையதேயா என்பது இரண்டு வேறு கேள்விகள். ஒவ்வொரு பொருளுக்கும் எப்படி வந்தது என்ற குறிப்பு வேண்டும்.

ஐந்தாம் படி: இதுபோல் வேறு இருக்கிறதா?

இரண்டாவது அளவுகோலான பொருத்தம் என்பது ஒப்பீட்டு வேலை. இதே வரலாற்றைச் சொல்லும் எல்லாத் தலங்களையும் பட்டியலிடுங்கள். பூங்காத் துறையிடம் இருப்பவை மட்டும் போதாது. மாநிலம், பழங்குடி அரசு, தனியார் காப்பவையும் வேண்டும். குடியரசுத் தலைவர் ஒருவரின் வீடு என்றால் இந்தப் படி கடினமானது. லிங்கன், கிராண்ட், டிரூமன், ஐசனோவர், கார்ட்டர், கிளிண்டன் என்று ஏற்கெனவே நீண்ட வரிசை நிற்கிறது. அவை தொடாத எந்தக் கதையை உங்கள் வீடு தொடுகிறது என்று காட்ட வேண்டும்.

எவர்ஸ் வீட்டை எதனோடு ஒப்பிடலாம்? அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த இல்லமும் தேவாலயமும் உள்ளன. லிட்டில் ராக்கில், கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதற்கான போராட்டம் நடந்த பள்ளி உள்ளது. அலபாமாவில் பர்மிங்காம் நகரின் சிவில் உரிமைப் போராட்டத் தலம் உள்ளது. ஆனால் ஒரு களப்பணியாளர் மனைவி மக்களோடு வாழ்ந்து, குறிவைக்கப்பட்டு, அதே இடத்தில் வீழ்ந்த வீடு இந்த வரிசையில் இல்லை. ஒப்பீடு இந்த அளவுக்குக் கூர்மையாக வரவேண்டும். மற்ற தலங்களைத் தாழ்த்தி எழுதுபவர்கள் நம்பிக்கையை இழப்பார்கள்.

ஆறாம் படி: நடைமுறைச் சாத்தியம்

உணர்ச்சிக்கு இங்கே இடமில்லை. பூங்காத் துறையிடம் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகள் மட்டும் 2,000 கோடி டாலருக்கு மேல் தேங்கிக் கிடக்கின்றன. இன்னொரு ஒழுகும் கூரையை ஏற்கச் சொல்கிறீர்கள் என்பதை மறவாதீர்கள்.

உரிமை முதலில். பத்திரம் தெளிவாக இருக்கிறதா, அடமானமோ வாரிசு வழக்கோ வில்லங்கமோ உண்டா? உரிமையாளர் கொடுக்க மனமுள்ளவரா? உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் தொடங்கும் முயற்சி அண்டை வீட்டாரையும் பகையாக்கும். அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் இந்தப் படியைக் கடக்காதீர்கள். தனியார் உரிமையாளர் மறுத்தால் தேசிய அடையாளச் சின்னமாகவும் அறிவிக்க முடியாது.

அடுத்து எல்லை. வீடும் கொல்லையும் மட்டும் போதுமா? மக்கள் எங்கே வண்டி நிறுத்துவார்கள், கழிப்பறை எங்கே, நாற்பது பிள்ளைகளோடு பள்ளிப் பேருந்து வந்தால் எங்கே திரும்பும்? பழைய வீட்டின் மாடித்தளம் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்று பொறியாளரைக் கொண்டு கணக்கிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வாசல் வழியாக நுழைவார்? வரவேற்பு மையத்தை வீட்டுக்குள் திணிக்காமல் அருகில் ஒரு சாதாரணக் கட்டடத்தில் அமைக்க இடம் பாருங்கள். ஈயம் கலந்த வண்ணப்பூச்சு வீடுகளில் தடைசெய்யப்பட்டது 1978-இல்தான். அதற்கு முந்தைய வீடு என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு செலவு போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ், நிலத்தடியில் புதைத்த எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றையும் சோதியுங்கள். நிலத்தை வாங்கும் முன் மத்திய அரசு இவற்றைக் கட்டாயம் கேட்கும்.

ஆண்டுச் செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஒருமுறை செய்யும் சீரமைப்பு ஒன்று. ஆண்டுதோறும் வரும் சம்பளம், மின்சாரம், பாதுகாப்பு, பொருள்களுக்கான ஈரப்பதக் கட்டுப்பாடு மற்றொன்று. முதலாவதற்குக் கொடையாளர் கிடைப்பார். இரண்டாவதற்குக் கிடைப்பது அரிது. ஆய்வுக் குழு பார்ப்பதும் அதைத்தான்.

ஏழாம் படி: அக்கம்பக்கத்தார்

பூங்காத் துறை ஆய்வின்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அதற்கு முன்பே நீங்கள் கேட்டுவிடுங்கள். அந்தத் தெருவில் வாழ்பவர்களுக்கு இது அருங்காட்சியகம் அல்ல, வீட்டு வாசல். சுற்றுலாப் பேருந்தின் புகையும் ஏறும் வீட்டுவரியும் அவர்கள் தலையில்தான் விழும். வரலாற்றில் ஒடுக்கப்பட்டவர்களின் வீடாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. சந்ததியினர் உயிரோடு இருக்கிறார்களா, எதைக் காட்ட விரும்புகிறார்கள், எதை வேண்டாம் என்கிறார்கள் என்பதைக் கேட்காமல் எழுதும் மதிப்பீடு நியாயமற்றது. எவர்ஸ் இல்லத்தின் பெயரில் மெட்கருக்குப் பக்கத்தில் மிர்லியின் பெயரும் நிற்கிறது. முப்பது ஆண்டு நீதிக்காகப் போராடியவர் அவர்தான்.

எட்டாம் படி: அறிக்கை சாதகமாக வராவிட்டால்

‘இல்லை’ என்ற பதில் வந்தால் வேறு கதவுகள் உண்டு. பூங்காத் துறையின் உரிமை இல்லாமல் தொழில்நுட்ப உதவியோடு இயங்கும் ‘இணைத் தலம்’ ஒரு வழி. தேசியப் பாரம்பரியப் பகுதியில் சேர்வது, கறுப்பின சிவில் உரிமை வலைப்பின்னலிலோ அடிமைகள் தப்பிய பாதைகளின் வலைப்பின்னலிலோ பதிவு பெறுவது, மாநிலப் பூங்காவாவது ஆகியவையும் உண்டு. பாடகி நீனா சிமோனின் வட கரோலினா பால்ய வீட்டை 2017-இல் நான்கு கலைஞர்கள் சேர்ந்து 95,000 டாலருக்கு வாங்கினார்கள். பிறகு தேசியப் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை துணைநின்றது. இடிக்கவோ உருமாற்றவோ முடியாதபடி பத்திரத்திலேயே நிரந்தர நிபந்தனை எழுதிவைப்பது இவற்றில் மலிவானது, உறுதியானது. பூங்காத் தகுதி வரும் என்று நம்பிக் காத்திருப்பவர்களும் இந்த நிபந்தனையை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. உரிமையாளர் மாறினாலும் அது மாறாது.

காத்திருக்கும் காலம்

எவர்ஸ் இல்லத்துக்கான சட்டம் 2019 மார்ச் 12 அன்று கையெழுத்தானது. வீடு அரசின் கைக்கு வந்து நினைவுச்சின்னம் முறையாக நிறுவப்பட்டது 2020 டிசம்பர் 10 அன்று. சட்டம் நிறைவேறிய பிறகும் இருபத்தொரு மாதம். ஆய்வுக்கான ஆண்டுகளையும் சேர்த்தால் பத்தாண்டு என்று திட்டமிடுவது பிழையாகாது. அந்தக் காலத்தில் வீடு மழையிலும் வெயிலிலும் நின்றுகொண்டுதான் இருக்கும்.

எனவே மனு ஒரு பக்கம் போகட்டும். இலையுதிர்காலம் முடிந்ததும் கூரை நீர்க்குழாய்களைச் சுத்தம் செய்ய ஆள் ஏற்பாடு செய்யுங்கள். பழைய வீடுகளைக் கொல்வதில் முதலிடம் தண்ணீருக்கு. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவரில் சிமென்ட் பூச அனுமதிக்காதீர்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டி, செங்கல்லின் முகத்தை உதிர்த்துவிடும். தீக்காப்பீட்டைப் புதுப்பியுங்கள். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படமெடுத்துத் தேதியிட்டு வையுங்கள். அந்த வீட்டில் வேலை செய்தவர்கள், பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள், அங்கே கூட்டங்களுக்கு வந்தவர்கள் இப்போது எண்பதைக் கடந்திருப்பார்கள். ஆய்வுக் குழு வரும்வரை அவர்கள் காத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒலிப்பதிவுக் கருவியோடு இந்த மாதமே அவர்களிடம் போங்கள். எந்த ஜன்னல் திறந்திருக்கும், யார் எங்கே உட்காருவார்கள், வாசலில் என்ன மரம் நின்றது என்று கேளுங்கள். பேசியவரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு ஒரு பிரதியை உள்ளூர் நூலகத்திலும் இன்னொன்றை மாநில ஆவணக் காப்பகத்திலும் ஒப்படையுங்கள்.